முப்பது வயதுக்குப் பிறகு தாதி உதவியாளராகப் படிக்க: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள், அல்லது இப்போது செய்யும் வேலை இனிச் சரிவராது என்று தெரிகிறது. ஆஸ்பத்திரியில் நோயாளர்களோடு நிற்கும் வேலை ஒன்றைப் படித்து எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதி உதவியாளராக இருக்கிறேன். இடையில் என்னைப் படுத்திய பாடு பாடப்புத்தகத்தால் வந்ததல்ல. எந்தப் பாடநெறிக்கு மதிப்பு உண்டு, எந்தக் கடதாசி எங்கே எடுப்பது, மொத்தமாக எவ்வளவு போகும் என்று தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் அலைந்ததுதான் பெரிய பாடு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எந்த வேலைக்குப் படிக்கிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

"நர்ஸிங் படிக்கலாம்" என்று விளம்பரம் போடுவார்கள். அதில் எல்லாமே அடங்கிவிடும். ஆனால் வேலைகள் வேறு வேறு.

அரச வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராக வேண்டுமென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும், வயதெல்லை உண்டு, வர்த்தமானி அறிவித்தல் வந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம், பயிற்சி மூன்று வருடம். முப்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவு மூடிவிட்டது. இதை யாரும் உங்களுக்கு நேரே சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

வயது தடையில்லாமல் படிக்கக்கூடியது தாதி உதவியாளர் வேலை. தேசிய தொழிற் தகைமை, அதாவது எல்லாரும் என்.வி.கியூ. என்று சொல்வது, அதில் தாதி உதவியாளருக்கு நான்காம் மட்டம் இருக்கிறது. வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ பராமரிக்கும் வேலை என்றால் பராமரிப்பாளர் பாடநெறி. அதில் முதியவர், நோயாளி, குழந்தை என்று ஒருவரைக் கூடவே இருந்து பார்க்கப் பழக்குவார்கள். வைத்தியர்களின் தனியார் கிளினிக்கில் பதிவு எடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஆளை உள்ளே அனுப்புவது போன்ற வேலைக்கும் தாதி உதவியாளர் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தாதி உதவியாளர் சான்றிதழ் எடுத்தவர் பதிவுபெற்ற தாதி ஆகமாட்டார். தாதி சொல்வதைக் கேட்டு, அவருடைய மேற்பார்வையில் செய்யும் வேலை இது. "இதை முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

2. காசு கட்டுமுன் பாடநெறியின் அங்கீகாரத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் அலுவலகம் நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையில், நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்களுக்கு 141 பஸ் வசதி. நிறுவனத்தின் சுவரில் பெரிய சட்டகம் போட்டு அந்த ஆணைக்குழுவின் பதிவுச் சான்றிதழைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அது நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் சேரப்போகும் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பதிவு இருக்கும், அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. அப்படியானால் முடிவில் கிடைப்பது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ். என்.வி.கியூ. கிடைக்காது.

அதனால் சேருமிடத்தில் இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கிளையில் தாதி உதவியாளர் நான்காம் மட்டத்துக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா?" கடிதத்தில் பாடநெறியின் பெயர், மட்டம், எந்த நிலையத்துக்கு, எந்தத் திகதி வரை செல்லும் என்பவற்றைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்" என்பார்கள். கொடுத்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து ஆணைக்குழுவின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள், அல்லது நேரே நாரஹேன்பிட்டிக்குப் போய்க் கேளுங்கள். அங்கே கேட்பதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் எனக்கு அங்கீகாரக் கடிதம் என்று காட்டியது வேறொரு மாவட்டக் கிளைக்கு உரியது. "எல்லாம் ஒரே நிறுவனம்தானே" என்றார் வரவேற்பில் இருந்தவர். அப்படி இல்லை. பாடநெறி முடிவில் என்.வி.கியூ.வுக்காகச் செய்யும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் படித்த நிலையத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். "டிப்ளோமா" என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். என்.வி.கியூ. வரிசையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள்தான் டிப்ளோமா. ஆறு மாதத்தில் டிப்ளோமா தருகிறோம் என்றால் அது அவர்கள் வைத்த பெயர். அடுத்தது, வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றை இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம் என்பது. அதை எந்த நாட்டில், எந்த வேலைக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள் என்றால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கவேண்டாம்.

அரச பக்கத்தில் தொழிற்பயிற்சி அதிகாரசபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும் இருக்கின்றன. இரண்டாவதை நைட்டா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அதன் தலைமை அலுவலகம் ராஜகிரியவில். அங்கே கட்டணம் குறைவு, சில பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், மொழி பெரும்பாலும் சிங்களம். தனியாரிடம் போகுமுன் இங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

3. எல்லாக் கடதாசியிலும் உங்கள் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

கேட்கும் ஆவணங்கள் கிட்டத்தட்ட எங்கும் ஒன்றுதான்: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, பள்ளி விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், கடவுச்சீட்டு அளவுப் படங்கள். சில இடங்களில் உடல்நலச் சான்றிதழும் கேட்பார்கள். எடுப்பது கஷ்டமில்லை. எடுத்து மேசையில் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர் இருக்கும், அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது.

தமிழ்ப் பெயர்களுக்கு இது கூடவே பிறந்த சிக்கல். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும், தகப்பன் பெயர் வேறு கட்டத்தில் இருக்கும். பள்ளியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். கலியாணத்துக்குப் பிறகு அட்டை மாற்றியிருந்தால் கணவன் பெயர் பின்னால் வந்திருக்கும். ஆங்கில எழுத்து இன்னொரு தலையிடி. கவிதா என்ற பெயரை ஒருவர் 'வி' போட்டு எழுதுவார், ஒருவர் 'டபிள்யூ' போட்டு எழுதுவார், கடைசித் 'தா'வுக்கு ஒருவர் 'எச்' சேர்ப்பார், ஒருவர் சேர்க்கமாட்டார். நமக்கு எல்லாம் ஒன்றுதான். சான்றிதழ் சரிபார்க்கும் கணினிக்கு அப்படியில்லை.

செய்யவேண்டியது இதுதான். கடவுச்சீட்டு இருந்தால் அதிலுள்ள எழுத்தையும், இல்லாவிட்டால் அடையாள அட்டையிலுள்ள எழுத்தையும் அடிப்படையாக எடுங்கள். நிறுவன விண்ணப்பம், வருகைப் பதிவு, மதிப்பீட்டு விண்ணப்பம் எல்லாவற்றிலும் ஒரு எழுத்தும் பிசகாமல் அதையே எழுதுங்கள். வரவேற்பில் இருப்பவர் உங்கள் பெயரைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். அட்டையைக் கையில் கொடுத்துப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். அச்செடுத்ததை வாசித்த பிறகே கையொப்பம் வையுங்கள். மற்றக் கடதாசிகளில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைக்கலாம். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். ஆனால் பிறப்புச் சான்றிதழிலேயே பெயரோ திகதியோ பிழையென்றால் பதிவாளர் வழியாகத் திருத்தத்தான் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் போகும். அதனால் பாடநெறி தேடத் தொடங்கும் அன்றே அதையும் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கு ஹட்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓடவேண்டிய தேவை இப்போது பலருக்கு இல்லை. கணினியில் ஏற்றிய பதிவென்றால் கொழும்பிலேயே பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்கள் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கும் போகவேண்டும். பழைய பிரதி கையில் இருந்தால் கொண்டுபோங்கள். அதிலுள்ள பதிவிலக்கம் இருந்தால் தேடுவது இலகு. நிறுவனம் ஆங்கிலப் பிரதி கேட்டால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவேண்டும். அங்கேயும் பெயரின் எழுத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு தொலைந்திருந்தால் பத்தரமுல்ல, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். எழுதிய வருடமும் சுட்டிலக்கமும் தேவை. சுட்டிலக்கம் மறந்துவிட்டால் படித்த பள்ளிக்கு ஒரு போன் எடுங்கள், பழைய பதிவேட்டில் இருக்கும்.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் விஷயத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் கவனம். கொழும்பில் பல வருடம் இருந்தும் வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரில்தான் இருக்கும். இங்குள்ள உத்தியோகத்தர் "நீங்கள் என் பிரிவில் பதிவில்லையே" என்று திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதில் பிழையில்லை. ஊர் உத்தியோகத்தரிடம் எடுத்தால் போதுமா என்று நிறுவனத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, போதுமென்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து, அங்குள்ள பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கி வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அசல் கடதாசியை எந்த நிறுவனத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டியதுதான் முறை.

4. ஓ.எல். சித்தியில்லையா? வேலை அனுபவம் மட்டும் இருக்கிறதா?

சேருவதற்கான தகைமை இடத்துக்கு இடம் மாறும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியிருந்தால் போதும் என்பார்கள் சில இடங்களில். ஆறு பாடம் சித்தி கேட்கும் இடமும் உண்டு. ஒரு இடத்தில் மறுத்துவிட்டார்கள் என்று மனம் உடைந்து போகவேண்டாம். நான்கைந்து இடங்களில் கேளுங்கள்.

மீண்டும் எழுத விரும்பினால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். அதற்கு வயதெல்லை இல்லை. இடையில் பள்ளியை விட்டவர்களுக்கு மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலைத் திட்டமும் இருக்கிறது. 138 பஸ்ஸில் போகலாம்.

ஏற்கெனவே கிளினிக்கிலோ முதியோர் இல்லத்திலோ சில வருடம் வேலை செய்தவரா? அப்படியானால் முழுப் பாடநெறியும் படிக்கவேண்டிய கட்டாயமில்லை. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்று கேட்டால் புரியும். நைட்டாவில் விண்ணப்பித்து, வேலை செய்ததற்கான கடிதங்களைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டினால் அதே என்.வி.கியூ. கிடைக்கும். இந்த வழி தெரியாமல் முழுக் கட்டணமும் கட்டிப் படித்த அக்காமார் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் கட்டில் விரிப்பு மாற்றுவதைப் பார்த்துத்தான் நாங்கள் பழகினோம். இன்னும் பழைய முதலாளியோடு முகம் முறியாமல் இருக்கும்போதே அனுபவக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

5. மொத்தக் காசு எவ்வளவு போகும்

நிறுவனம் சொல்லும் தொகை பாடநெறிக் கட்டணம் மட்டும்தான். அதற்கு வெளியே வருபவை: பதிவுக் கட்டணம், கையேடு, சீருடை இரண்டு சோடி, மூடிய வெள்ளை அல்லது கறுப்புச் சப்பாத்து, பிரஷர் பார்க்கும் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும், வைத்தியசாலைப் பயிற்சிக்கான கட்டணம், என்.வி.கியூ. மதிப்பீட்டுக் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம். எனக்குச் சொன்ன தொகைக்கு மேல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இப்படியே போனது. மதிப்பீட்டுக் கட்டணம் தனி என்பதைக் கடைசி மாதத்தில்தான் சொன்னார்கள். வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கிழமை நகை அடகு வைத்தார்கள்.

ஆகவே, மேலே எழுதியதை ஒரு கடதாசியில் வரிசையாக எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் நேரே தொகையைக் கேட்டு எழுதி, அவர்களின் முத்திரையோடு வாங்குங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு வராவிட்டாலும் சான்றிதழ் தருவீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். தவணையாகக் கட்டலாமா, இடையில் நின்றால் காசு திரும்புமா என்றும் கேளுங்கள். "முழுத்தொகையும் இன்று கட்டினால் கழிவு" என்பதை ஏற்கவேண்டாம். முதல் மாதம் வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவதுதான் நல்லது. கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

பஸ் காசையும் கணக்கில் போடுங்கள். அதைவிடப் பெரியது, வராமல் போகும் சம்பளம். வகுப்புக் காலத்தில் பகுதிநேரமாக ஏதாவது செய்யலாம், வார இறுதி வகுப்பு என்றால் வேலையை விடாமலே போகலாம். வைத்தியசாலைப் பயிற்சி தொடங்கினால் அது நடக்காது. காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்கவேண்டும். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சீட்டுப் பிடிப்பவர்கள் என்றால், பயிற்சி தொடங்கும் மாதத்துக்கு உங்கள் முறை வரும்படி பேசி வையுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன்.

6. ஹெப்படைட்டிஸ் பீ தடுப்பூசியை முதல் மாதமே தொடங்குங்கள்

இரத்தத்தோடு புழங்கும் வேலை. இந்தத் தடுப்பூசி மூன்று தடவை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் பாதுகாப்பு வந்துவிட்டதா என்று தெரியும். கணக்குப் பாருங்கள், பயிற்சிக்குப் போகும்போது நினைவு வந்தால் நேரம் போதாது. ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், வேலைக்குச் சேரும்போது கேட்பார்கள். சின்னம்மை வந்ததா, அதற்கு ஊசி போட்டதா என்றும் கேட்பார்கள். அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.

7. மொழி

கொழும்பில் தமிழ்மொழி வகுப்பு கிடைப்பது அரிது. ஆங்கில மொழி என்று விளம்பரப்படுத்திய வகுப்பும் இரண்டாம் கிழமையில் சிங்களத்துக்கு மாறிவிடும். சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடச்சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டைத் தமிழில் செய்யலாமா என்றும் கேளுங்கள். தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளரை ஒழுங்குபடுத்த அவகாசம் வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது.

படிப்பை எப்படியும் சமாளிக்கலாம். வார்டில் நோயாளரோடு கதைக்கச் சிங்களம் கட்டாயம் வேண்டும். இலக்கணம் தேவையில்லை. "கொஹேத ரிதென்னே" என்று எங்கே நோகிறது எனக் கேட்கவும், "ஹுஸ்ம கன்ன" என்று மூச்செடுக்கச் சொல்லவும் தெரியவேண்டும். உண, கெஸ்ஸ, வமனே, லே, பெஹெத் என்று காய்ச்சல், இருமல், வாந்தி, இரத்தம், மருந்து ஆகியவற்றின் பெயர்கள் காதில் விழுந்தவுடன் பிடிபடவேண்டும். ஒரு சின்னக் கொப்பியில் எழுதிப் பஸ்ஸில் வாசியுங்கள். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

சிங்களம் குறைவு என்று கூச்சப்பட்டு இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் தமிழுக்கு வார்டில் பெரிய தேவை இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்தபோது தலவாக்கலையிலிருந்து வந்த ஒரு ஆச்சி இருந்தார். யார் என்ன சொன்னாலும் "ஹரி, ஹரி", அதாவது சரி சரி என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டுவார். வெறும் வயிற்றில் எடுக்கவேண்டிய சீனிப் பரிசோதனை. முதல் நாள் இரவே சாப்பிடக்கூடாது என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் "ஹரி" என்றிருக்கிறார். காலையில் தலையணைக்குப் பக்கத்தில் மேரி பிஸ்கட் பைக்கெற் பாதி காலியாக இருந்தது. நான் போய் "ஆச்சி, விடியச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "தேத்தண்ணியும் குடிச்சேன் பிள்ளை" என்றார். பரிசோதனையை அடுத்த நாளுக்குத் தள்ளினார்கள். அன்றிலிருந்து அந்த வார்டில் தமிழ் நோயாளர் வந்தால் சிஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார்.

8. வகுப்பும் வார்டும்

பாடநெறி பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போகும். அதில் ஒரு பகுதி வைத்தியசாலைப் பயிற்சி. எந்த வைத்தியசாலை, எத்தனை மாதம், யார் ஒழுங்குபடுத்துவது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். "நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடும் இடங்களும் உண்டு. அப்படித் தேடுவதற்கே மாதங்கள் போய்விடும்.

பல வருடம் கழித்துப் படிப்பவர்களுக்கு உடற்கூற்றியல் பெயர்கள் முதலில் பயமாக இருக்கும். இரவில் பிள்ளைகள் பாடம் படிக்கும் மேசையிலேயே உட்கார்ந்து படியுங்கள். என் மகள்தான் எனக்குக் கேள்வி கேட்பாள். செய்முறையில் நாம் இளம்பிள்ளைகளைவிட முன்னுக்கு நிற்போம். வீட்டில் பிள்ளைக்கும் மாமிக்கும் பார்த்த கை அல்லவா.

பிரஷர் பார்ப்பதை மட்டும் வீட்டில் தினமும் பழகுங்கள். இலக்கக் கருவி வேண்டாம், கையால் அமுக்கிக் காது வைத்துக் கேட்பதைப் பழகுங்கள். மதிப்பீட்டில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆளை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவிடுங்கள். கதைக்க விடாதீர்கள். சட்டைக்கு மேலால் சுற்றாமல் வெறும் கையில் பட்டியைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வையுங்கள். மணிக்கட்டு நாடி நிற்கும் அளவைத் தாண்டிக் காற்றை ஏற்றி, மெதுவாக இறக்குங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு தூரத்தில் கதவு தட்டுவதுபோல ஒரு ஓசை தொடங்கும், அது மேல் எண். ஓசை முற்றாக மறையும் இடம் கீழ் எண். காற்றை வேகமாக இறக்கினால் இரண்டும் தப்பிவிடும். அதுதான் எல்லோரும் விடும் பிழை. நாடித் துடிப்பையும் மூச்சையும் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பது தூக்கத்திலும் வாயில் வரவேண்டும். மூச்சை எண்ணும்போது நோயாளிக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதுவது, பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் நேரே கூர்ப்பொருள் பெட்டியில் போடுவது ஆகியவை சின்ன வேலைபோலத் தெரியும். வார்டில் உங்களை நம்புவார்களா இல்லையா என்பதை இவைதான் தீர்மானிக்கும். எழுதாததைச் செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பயிற்சி நாட்குறிப்புக் கொப்பியில் அன்றன்றே கையொப்பம் வாங்குங்கள். "வெள்ளிக்கிழமை மொத்தமாக வாங்கலாம்" என்று விட்டால் கையொப்பமிட வேண்டிய மிஸ், அதாவது வார்டுத் தாதி, வேறு ஷிப்டுக்குப் போயிருப்பார், அல்லது லீவில் இருப்பார். கையொப்பமில்லாத நாட்கள் பயிற்சிக் கணக்கில் சேராது.

9. மதிப்பீடு

எழுத்துப் பரீட்சைபோலப் புள்ளி போட்டு முடிப்பதல்ல இது. ஆணைக்குழுவில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் முன்னால் ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டவேண்டும். தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சியில்லை என்று போடுவார்கள். ஒரு பகுதியில் தேர்ச்சியில்லை என்று வந்தால் எல்லாம் போய்விட்டது என்று பதறவேண்டாம். மீண்டும் பழகி அந்தப் பகுதிக்குத் திரும்பத் தோற்றலாம், அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கை கழுவ மறந்து செய்முறையைத் தொடங்குவதுதான் பலரைக் கவிழ்ப்பது. நோயாளியாக நடிப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, பிறகு தொடங்குங்கள்.

மதிப்பீடு முடிந்து சான்றிதழ் கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதுவரை நிறுவனத்திடமிருந்து பாடநெறி முடித்ததற்கான கடிதம் வாங்கி வையுங்கள், பல வைத்தியசாலைகள் அதை வைத்து நேர்முகத்துக்குக் கூப்பிடும். சான்றிதழ் வந்தவுடன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாசலிலேயே நின்று சரிபாருங்கள்.

10. வேலைக்குப் போகும்போது

கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள், வீட்டுத் தாதிமாரை அனுப்பும் முகவர்கள், இந்த மூன்று பக்கத்திலும் ஆள் தேவை இருக்கிறது. முகவர் மூலம் வீட்டு வேலைக்குப் போனால் கையில் வரும் காசு கூடுதலாகத் தெரியும். ஆனால் 24 மணி நேரமும் அந்த வீட்டிலேயே நிற்கவேண்டி வரலாம், ஓய்வு நேரம் எவ்வளவு, முகவர் எவ்வளவு கழிப்பார் என்பதை முதலிலேயே கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் விருப்பம் வைத்தியசாலைதான். பக்கத்தில் கேட்டுச் செய்ய ஒரு மிஸ் இருப்பார்.

வெளிநாடு போகும் எண்ணத்தில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஜப்பானில் பராமரிப்பு வேலைக்கு ஜப்பானிய மொழிப் பரீட்சையும் திறன் பரீட்சையும் தனியாகச் சித்தியடைய வேண்டும், இங்குள்ள சான்றிதழ் மட்டும் போதாது. எந்த நாடாக இருந்தாலும் காசு கொடுக்குமுன் முகவரின் உரிமத்தை பத்தரமுல்லையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள்.

நேர்முகத்தில் ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்று கேட்கத் தயங்கவேண்டாம். பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம், காலை ஏழிலிருந்து இரவு ஏழு. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போதும் போகும்போதும் வாகனம் தருவார்களா, மாதத்தில் எத்தனை இரவு, பரீட்சார்த்த காலம் எவ்வளவு என்றும் கேளுங்கள். சின்னப் பிள்ளை இருப்பதை மறைக்காதீர்கள். இரவில் யார் பார்ப்பார்கள் என்று தெளிவாகச் சொன்னால் அவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

நியமனக் கடிதம் எழுத்தில் வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளமும் படிகளும் தனித்தனியாக இருக்கவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் போடுவார். "பயிற்சிக் காலம் என்பதால் இப்போதைக்கு இல்லை" என்று சொன்னால், எந்த மாதத்திலிருந்து என்று கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் சம்பளச் சிட்டை வந்ததும் அதில் உங்கள் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். பிழையென்றால் அந்த மாதமே மனிதவளப் பிரிவில் எழுத்தில் கொடுத்துத் திருத்தி எடுங்கள்.